காரில் நாயைக் கட்ட ஹார்னஸ் வாங்குகிறீர்களா? முதலில் நெஞ்சை அளந்துகொள்ளுங்கள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ நாய்ச் சாமான் விற்கிற கடையில் போய் ஹார்னஸ் (நாயின் நெஞ்சையும் தோளையும் சுற்றி மாட்டுகிற வார்) கேட்டால், எடுத்துப் போடுவது பெரும்பாலும் நடைக்கு உள்ளதாகத்தான் இருக்கும். காருக்கு வேண்டும் என்று சொன்னால், "இதே காருக்கும் ஆகும் அண்ணாச்சி, கூட ஒரு பெல்ட் கிளிப் தாரேன், மாட்டிக்கிடுங்க" என்பார்கள். அந்தக் கிளிப் ஒரு முழ நீள நாடா. ஒரு முனையில் சீட் பெல்ட் பக்கிளில் செருகுகிற நாக்கு, இன்னொரு முனையில் கொக்கி, அவ்வளவுதான். ஓட்டுகிறவர் மடியில் நாய் தாவாமல் இருக்கவும், டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கும்போது வெளியே குதிக்காமல் இருக்கவும் அது போதும், அதில் தப்புச் சொல்ல மாட்டேன். வண்டி எங்காவது மோதினால் அது தாங்குமா என்பது தனிக் கேள்வி. இரண்டு வேலையும் ஒன்றுதான் என்று நினைத்து வாங்கும்போதுதான் ஏமாறுகிறோம்.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுபோனால், உள்ளே இருக்கிற எதுவாக இருந்தாலும் அதன் எடையைப் போல சுமார் 14 மடங்கு விசை அதை முன்னால் தள்ளும். 20 கிலோ நாய் என்றால் 280 கிலோ. இத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பக்கிள், ஒரு வளையம், நாலு தையல் வழியாக இறங்க வேண்டும். நாலுவழிச் சாலையில் 100-இல் போகிறீர்கள் என்றால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதோடு நிற்காது, நாலு மடங்காகும். கட்டாத நாய் அந்த வேகத்திலேயே முன் சீட்டின் முதுகிலோ, முன்னால் இருப்பவர் பிடரியிலோ போய் விழும். ஆகையால் இது நாய்க்காக மட்டும் செலவழிக்கிற காசு இல்லை.

நம்ம பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். தென்காசி ரோட்டில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று போகும்போது வரப்பிலிருந்து திடீரென மயில் குறுக்கே பறக்கும், ஆட்டு மந்தை ஏறும், சீசன் சமயத்தில் குற்றாலம் போகிற வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். நாகர்கோவில் போகிற வழியில் ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியையே ஒரு பக்கமாகத் தள்ளும். பெரிய விபத்து எல்லாம் வேண்டாம், மாட்டுக்காக ஒரு பிரேக் பிடித்தாலே பின் சீட்டில் நிற்கிற நாய் கீழே உருண்டு காலை மடக்கிக்கொள்ளும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் நாலு கால் விரித்து நின்றுகொண்டே வருகிற நாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கும் அது சுகமான பயணம் இல்லை.

"கிராஷ் டெஸ்டட்" என்று அட்டையில் அச்சடித்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவிலேயே நாய் ஹார்னஸுக்கு அரசு கட்டாயமாக்கிய தரம் கிடையாது. அங்கே சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்கிற லாபநோக்கற்ற அமைப்பு, சுபாரு கார் நிறுவனத்தின் உதவியோடு 2013-இல் ஒரு சோதனை நடத்தியது. குழந்தை சீட்டுகளைச் சோதிக்கிற முறையைப் பின்பற்றி, 11 கிலோ முதல் 34 கிலோ வரையுள்ள பொம்மை நாய்களை மாட்டி, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான மோதலில் விட்டார்கள். காப்பாற்றும் என்று சொல்லி விற்கப்பட்டவற்றில் ஒன்றே ஒன்றுதான், ஸ்லீப்பிபாட் கிளிக்கிட் யுட்டிலிட்டி, எல்லா அளவிலும் நாயைச் சீட்டை விட்டுப் பறக்காமல் பிடித்து வைத்தது. மற்றவற்றில் தையல் பிரிந்தது, கொக்கி விட்டது, பொம்மை பறந்து போனது. அதனால் அட்டையில் அந்த வார்த்தையைப் பார்த்தவுடன் பணத்தை எடுக்காமல், யார் சோதித்தார்கள், என்ன வேகம், எத்தனை கிலோ பொம்மை, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லை என்றால் நாடாவை மட்டும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு "டெஸ்டட்" என்று போட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, வெளிநாட்டுச் சரக்கையே வரவழைத்துவிடலாம் என்றால் அங்கேதான் நம்ம ஊர் நாய்களுக்கு ஒரு சிக்கல் வருகிறது.

அந்த அளவுப் பட்டியலெல்லாம் லாப்ரடார் மாதிரி நாய்களை மனதில் வைத்துப் போட்டது. நம்மிடம் இருப்பது சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம். சிப்பிப்பாறை 15-20 கிலோதான் இருக்கும், ஆனால் நெஞ்சு ஆழமாக இறங்கி, வயிறு முதுகோடு ஒட்டி, கழுத்து நீண்டிருக்கும். எடையைப் பார்த்தால் எஸ், கழுத்தைப் பார்த்தால் எம், நெஞ்சைப் பார்த்தால் எல் என்று மூன்று சைஸ் வரும். 2005-இல் இந்தியத் தபால்தலையில் ஏறிய ராஜபாளையத்துக்கே அந்தப் பட்டியலில் இடமில்லை. இந்த இடத்தில் குழம்பாதீர்கள்: நெஞ்சளவுதான் கணக்கு. மோதும்போது விசையைத் தாங்க வேண்டியது நெஞ்செலும்பும் விலாவும்தான். கழுத்து தாங்கினால் மூச்சுக்குழாய் நசுங்கும், வயிறு தாங்கினால் உள்ளுறுப்பு கிழியும். கழுத்துப்பட்டையில் கொக்கியை மாட்டுவதை மறந்தும் செய்யாதீர்கள், இது ஒன்றில் மட்டும் பேரம் கிடையாது.

அளப்பதற்குத் தையல்காரர் வைத்திருக்கிற துணி டேப் போதும். நாயைத் தரையில் நிற்க வைத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நாலு விரல் விட்டு, நெஞ்சு எங்கே அதிகம் இறங்கியிருக்கிறதோ அங்கே சுற்றி அளங்கள். அப்புறம் கழுத்து, பட்டை கட்டுகிற மேல்பக்கத்தில் இல்லாமல் தோளை ஒட்டி அடியில். பிறகு நெஞ்செலும்பின் மேல்முனையிலிருந்து முன்னங்கால்களுக்கு நடுவாகப் போய்ப் பின்பக்க நாடா விழுகிற இடம் வரை உள்ள நீளம்; இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் நெஞ்சுப் பட்டை குட்டையாகி நாடா அக்குளில் ஏறி அறுப்பதற்கு இதுதான் காரணம். எடைக்கு, நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் மிஷினில் ஏறி நில்லுங்கள், உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். தூக்க முடியாத சைஸ் என்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஊசி போடக் கொண்டுபோகிற அன்றைக்கு எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது எங்கும் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது விரல் நுழையக் கூடாது. இது எல்லோரும் சொல்வது. வேட்டை நாய் வகைகளுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். ஹார்னஸை மாட்டிவிட்டு நாய்க்கு எதிரே நின்று, முதுகு வளையத்தில் கயிற்றைக் கட்டி உங்களைப் பார்த்து மெதுவாக இழுங்கள். நாய் தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, பின்னாலேயே நடக்கும். முதலில் ஒரு முழங்கை நாடாவுக்குள்ளிருந்து வெளியே வரும், அடுத்த நொடியில் இன்னொன்று, அப்புறம் மொத்த ஹார்னஸும் காது வழியாகக் கழன்று உங்கள் கையில் இருக்கும், நாய் வாசலில் நிற்கும். இவற்றின் தலை கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது, அதனால் இந்த வித்தை ரொம்ப சுலபம். வீட்டுக்குள் நடந்தால் சிரிப்பு, கயத்தாறு டோல்கேட்டில் நடந்தால் அழுகை. இப்படிக் கழற்றுகிற நாய்க்கு விலாவுக்குப் பின்னால் மூன்றாவது நாடா உள்ள ஹார்னஸ் உதவும், ஆனால் அந்த மூன்றாவது நாடா தப்பாமல் இருக்க மட்டும்தான். காரின் பெல்ட்டை அதில் கோக்காதீர்கள், அது வயிற்றின் மேல் இருக்கிறது.

இனி இரும்பு, தையல், நாடா. கடையில் நின்றுகொண்டே பார்க்கக் கூடியவை இவை, வெட்கப்படாமல் திருப்பிப் பாருங்கள்.

முதுகில் இருக்கிற வளையத்தை நகத்தால் சுற்றித் தடவுங்கள். இரண்டு முனையும் சேர்கிற இடத்தில் வெல்டு வைத்திருந்தால் மேடு தட்டுப்படும் அல்லது ஒன்றுமே தட்டுப்படாது. முடி அளவு இடைவெளி தெரிந்தால் வளைத்து மட்டும் விட்டிருக்கிறார்கள், இழுத்தால் விரியும். கொக்கி பளபளவென்று கனமாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், வார்ப்புத் துத்தநாகத்துக்கு முலாம் பூசினாலும் அப்படித்தான் இருக்கும், அது வளையாது, பட்டென்று முறியும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் உடனே மட்டம் என்று சொல்ல முடியாது, சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டாது, ஆனால் அப்போது என்ன உலோகம் என்று விற்பவர் சொல்லத் தெரிய வேண்டும். மலையேறுகிறவர்கள் பயன்படுத்துகிற காராபினர் கொக்கியில் எத்தனை கிலோ நியூட்டன் தாங்கும் என்று உடம்பிலேயே பொறித்திருப்பார்கள், 22 என்றால் சுமார் 2,200 கிலோ. நாய்க் கடைக் கொக்கியில் அப்படி எதுவும் இருக்காது. கொக்கியை மட்டும் நல்லதாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் செய்கிறார்கள், ஆனால் அப்போது அறுந்து போகிற இடம் கொக்கியிலிருந்து தையலுக்கு மாறுகிறது, வேறொன்றும் இல்லை.

தையலைப் பொறுத்தவரை, விசை இறங்குகிற ஒவ்வொரு இணைப்பிலும் சதுரம் போட்டு அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போல ஓடியிருக்க வேண்டும், அல்லது நெருக்கமாக அடைத்த குறுக்குத் தையல் இருக்க வேண்டும். ஒற்றை நேர்த்தையல் ஓடியிருந்தால் அது நடைக்கு. இன்னொன்று, பாரம் தாங்குகிற நாடா நெஞ்சைச் சுற்றி முதுகு வளையம் வரை முழுசாக ஓடுகிறதா, இல்லை பஞ்சு வைத்த துணிமேல் துண்டு துண்டாகத் தைத்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சு உறுத்தாமல் இருக்க, விசையைப் பரப்ப. நாயைப் பிடித்து வைப்பது நாடாதான். நெஞ்சுப் பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. முன்பக்கம் ஒய் எழுத்து மாதிரி இறங்குகிற அமைப்பை வாங்குங்கள், குறுக்கே ஒரே பட்டையாகத் தோளில் ஓடுவது மோதும்போது கழுத்துக்கு ஏறும். பக்கவாட்டில் அழுத்தித் திறக்கிற பிளாஸ்டிக் பக்கிள் பாரம் இறங்குகிற வழியில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நல்ல ஹார்னஸ் வாங்கி அதை நீள நாடாவில் மாட்டினால் பாதிக் காசு வீண். நாடா நீளமாக இருந்தால் கார் நின்ற பிறகும் நாய் அந்த நீளம் முழுக்கப் பறந்து, கடைசியில் ஒரே வெட்டில் நிற்கும், அல்லது அதற்கு முன்னாலேயே முன் சீட்டில் மோதும். ரப்பர் வைத்து இழுபடுகிற வகை இன்னும் மோசம். "அதிர்ச்சியைத் தாங்கும்" என்று எழுதியிருப்பார்கள், தாங்குகிற நேரத்தில் நாய் முன் சீட்டுக்குப் போயிருக்கும். நாய் உட்காரலாம், படுக்கலாம், ஆனால் சீட் விளிம்பைத் தாண்டி முகத்தை நீட்ட முடியாது, அந்த அளவுக்கு வையுங்கள். இரண்டு பக்கக் கைப்பிடியிலும் கயிறு கட்டி நடுவில் நாயை ஓட விடுகிற ஏற்பாட்டையும், ஹெட்ரெஸ்ட் கம்பியில் மாட்டுகிற நாடாவையும் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். இரண்டும் அந்தப் பாரத்துக்காகச் செய்தவை இல்லை.

எதில் கட்டுவது? காரின் சீட் பெல்ட்டையே ஹார்னஸின் முதுகில் உள்ள நாடாக் காதுகள் வழியாகக் கோத்துப் பக்கிளில் போடுகிற முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் மனிதனுக்காகச் சோதித்து வைத்த பெல்ட் அது ஒன்றுதான். பக்கிளில் செருகுகிற தனிக் கிளிப்பில் இரண்டு தொல்லை: எல்லாக் காரின் பக்கிளும் ஒரே அகலம் இல்லை, பாதி நுழைந்து டக் என்ற சத்தம் இல்லாமலே நிற்கும், அப்புறம் நாய் திரும்பிப் படுக்கும்போது சிவப்புப் பொத்தானை மிதித்துத் திறந்துவிடும். செருகிய பிறகு முழங்கையால் அல்ல, உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் கம்பி (குழந்தை சீட்டை மாட்டுவதற்குக் கார் சீட்டில் வைத்திருக்கிற கம்பி) உள்ள கார் என்றால் அதில் மாட்டுகிற கொக்கி வருகிறது, பொத்தான் தொல்லை இல்லை, ஆனால் ஐசோஃபிக்ஸ் குழந்தையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோ என்ற கணக்கில் வைத்தது, பெரிய நாய்க்கு அதை நம்ப வேண்டாம்.

சீட் பெல்ட் மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டும், இது உங்களுக்கே தெரியும். நாய் பையப் பைய நகர்ந்து பெல்ட்டை உருவிக் காலில் சுற்றிக்கொள்வது இதனால்தான். பழைய கார்களில் பின் சீட் நடுவில் இடுப்புக்கு மட்டும் ஒரு பெல்ட் இருக்குமே, யாரும் தொடாமல் சீட்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கும், அதைத் தேடி எடுங்கள். கையால் நீளத்தை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும், நாய்க்கு அது தோதாக இருக்கும்.

முன் சீட் வேண்டாம், ஏர்பேக் நாயின் உயரத்துக்குச் செய்ததில்லை. பின் கண்ணாடிப் பொத்தான்களை லாக் செய்துவிடுங்கள், கால் பட்டுக் கண்ணாடி இறங்கும். தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்குவது பார்க்க அழகுதான், கல்குவாரி லாரிக்குப் பின்னால் போகும்போது கண்ணில் விழுகிற தூசியைக் கழுவுகிறவருக்கு அழகாக இருக்காது.

வெயிலை மறந்துவிட்டு வாங்காதீர்கள். கத்திரி வெயிலில் கறுப்பு நைலானும் எஃகு பக்கிளும் நிறுத்தி வைத்த காருக்குள் கிடந்தால் கையில் எடுக்க முடியாது, குட்டை முடியும் மெல்லிய தோலும் உள்ள கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் நேராகச் சூடு வைத்த மாதிரி ஆகும். ஹார்னஸை வீட்டில் வைத்திருந்து கிளம்பும்போது மாட்டுங்கள். உள்பக்கம் வலைத்துணி உள்ளதாக, வெளிர் நிறமாக எடுங்கள். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, நெஞ்சை இறுக்கினால் அதுவும் போச்சு. "ஒரு டீ குடிச்சுட்டு வந்துருதேன்" என்று நாயைக் காரில் கட்டிவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மூடிய கார் பத்து நிமிஷத்தில் 10 டிகிரி வரை ஏறிவிடும், கட்டிய நாயால் நிழல் பக்கமாகக்கூட நகர முடியாது.

வாங்கிய அன்றே குற்றாலத்துக்குக் கிளம்பாதீர்கள். முதலில் தரையில் போட்டு மோந்து பார்க்க விடுங்கள், மாட்டிக்கொண்டு சோறு தின்னட்டும், அப்புறம் நிற்கிற காரில், அப்புறம் தெருவைச் சுற்றி. ஆசை காட்ட உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு போதும், அல்வாவெல்லாம் நாம் சாப்பிடுவதற்கு. வளைவுச் சாலைக்கு வயிறு நிறையப் போட்டுக் கூட்டிப் போனால் சீட்டைக் கழுவ நேரிடும். நாலைந்து மாதக் குட்டிக்கு விலை கூடிய ஹார்னஸ் வாங்க வேண்டாம், இரண்டு மாதத்தில் சிறிதாகிவிடும். அதுவரை சின்னக் கூண்டில் போட்டு முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற இடத்தில் ஆடாமல் வையுங்கள்.

குட்டியானை வண்டியின் பின்பக்கம் நாயை நிற்க வைத்துக் கழுத்துச் சங்கிலியைக் கம்பியில் கட்டிக் கொண்டுபோவதை நம்ம பக்கம் இன்னும் பார்க்கிறேன். வளைவில் நாய் சரிந்து தாண்டினால் தூக்கில் தொங்கும். காரில்லை, அதில்தான் போக வேண்டும் என்றால் கூண்டில் போட்டுக் கூண்டைக் கட்டுங்கள், இல்லையென்றால் ஹார்னஸ் மாட்டி, பக்கப் பலகையை எட்ட முடியாதபடி நடுவில், குட்டைக் கயிற்றில் இரண்டு பக்கமும் கட்டுங்கள். அது மோதலில் காப்பாற்றும் என்று சொல்லவில்லை, தொங்காமல் இருக்கும்.

இறங்கியதும் கழற்றிவிட்டு அக்குளையும் நெஞ்சுப் பட்டை இருந்த இடத்தையும் விரலால் தடவுங்கள். சிவந்திருந்தால் அளவு சரியில்லை. உண்ணியும் நெருஞ்சி முள்ளும் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஹார்னஸைச் சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயப் போடுங்கள், நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் நைலான் நூல் இற்றுப்போகும். மடிப்புகளில் நூல் பிசிறு தெரிகிறதா, கடித்த தடம் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். ஒரு தடவை மோதலில் பாரம் வாங்கிய ஹார்னஸ் பார்வைக்கு முழுசாக இருந்தாலும் அதன் வேலை முடிந்தது. கொட்டகையில் போட்டு வைத்தால் யாராவது எடுத்து அவர்கள் நாய்க்கு மாட்டுவார்கள், கத்தரியால் நாடாவை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.